சனிக்கிழமை திறக்காத கதவு

கிதூரா ஊரில் சனிக்கிழமை ஓய்ந்திருப்பது பாவம் என்று முடிவானபோது முதலில் உடைந்தது ரொட்டி சுடுபவனின் வலது கை.

முந்தின இரவெல்லாம் மாவு பிசைந்து சுட்டு அடுக்கிவிட்டு அவன் காலையில் படுத்திருந்தான். சோதனைக்கு வந்தவர்கள் அவன் படுத்திருந்ததைப் பார்த்தார்கள், ரொட்டியைப் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை உடைந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். சட்டத்தில் கையைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆகவே இடது கையையும் உடைத்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை அவனை விட்டுவிட்டார்கள். கடை மூடிக் கிடந்தது. மூடிய கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட விதியில் இடமிருந்தது.

எல்லாம் பொதுச்சங்கத்தில் தொடங்கியது. பெருநகரில் திருச்சபையின் ஆயர்கள் கூடிப் பல விஷயங்களை முடிவு செய்தார்கள். கோயிலுக்குள் படுக்கை விரிக்கக் கூடாது, கல்யாண வீட்டில் குதித்து ஆடக் கூடாது, சனிக்கிழமை வேலை செய்யாமல் இருக்கக் கூடாது. எங்கள் ஆயர் டொம்னஸ் கோவேறு கழுதையில் திரும்பி வந்து, புழுதியைக்கூடத் தட்டாமல் மேடையேறிப் பேசினார்.

“பிள்ளைகளே, இதுவரை உங்களில் பலர் சனிக்கிழமையும் ஓய்ந்திருந்தீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்ந்திருந்தீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆண்டவரை நினைத்தீர்கள். ஒரே நாளில் நினைத்து முடிக்க முடியாத அளவுக்கு அவர் என்ன அவ்வளவு பெரியவரா?” இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, சொன்னதை மனதுக்குள் திரும்பப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தித் தொடர்ந்தார். “யூதர்கள் சனிக்கிழமை ஓய்ந்திருக்கலாம். அது அவர்களுடைய தவறு. நாமும் ஓய்ந்தால் அடுத்தவர் தவறைத் திருடியவர்கள் ஆவோம். திருடாதே என்பது கட்டளை!”

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். “சாமி, அன்னைக்கு வேலை இல்லாதவங்க என்ன பண்றது?”

“வேலையை நேசிக்கிறவனுக்கு வேலை கிடைக்கும். கிடைக்காதவனுக்குத் திருச்சபை கல் வைத்திருக்கிறது.”

உண்மையாகவே வைத்திருந்தது. கோயில் முற்றத்தின் தென்பக்கம் ஒரு கற்குவியல். வேலையற்றவர்கள் சனிக்கிழமை அதை வடபக்கம் சுமந்து போட வேண்டும். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் தென்பக்கம்.

சோதனை போடும் பொறுப்பு ஆயரின் உதவியாளரான திருத்தொண்டர் ஹிலாரஸிடம் வந்தது. அவர் எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். ரொட்டிக்காரனின் இரண்டாவது கை உடைந்தபோதும் அப்படித்தான் இருந்தார். அவருக்கு ஆள்பலமாகத் திருச்சபையின் குழிவெட்டிகளைக் கொடுத்தார்கள். தோள் அகன்றவர்கள், மண்வெட்டி சொந்தமாக வைத்திருப்பவர்கள், பிணத்தைக் கண்டு கூசாதவர்கள். அடிப்பவனே புதைப்பவனாகவும் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று ஆயர் வியந்தார்.

கல் தச்சன் ஸோட்டிகஸ் இதில் எதற்கும் பயப்படவில்லை. அவன் சனிக்கிழமை ஓய்ந்தே வெகுகாலம் ஆகியிருந்தது. அவனுக்குக் கல்லறைக் கதவு செதுக்குகிற வேலை. எங்கள் பக்கத்தில் இறந்தவன் தலைமாட்டில் ஆளுயரத்துக்குக் கல்லில் ஒரு கதவு நிறுத்துவார்கள். இரண்டு பலகை, தாழ்ப்பாள், தட்டுவதற்கு ஒரு வளையம், எல்லாம் கல்லிலேயே இருக்கும். திறக்க மட்டும் செய்யாது. மேலே பெயர். ஊரில் சாவு ஓயாததால் அவன் சுத்தியலும் ஓயவில்லை.

ஆனாலும் அவர்கள் வந்தார்கள். பட்டறை முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த கதவுகளில் முதலாவதன் முன் ஹிலாரஸ் நின்று, கைத்தடியால் மூன்று முறை தட்டினார்.

“உள்ள யாரு?”

“யாரும் இல்லீங்க. அது கல்லறைக் கதவு.”

“கதவு இருந்தா வீடு. வீடு இருந்தா ஆளு. ஆளு இருந்தா வேலை செஞ்சாகணும். பேரு போட்டிருக்கே மேல.”

“அவரு செத்து ஆறு மாசம் ஆவுதுங்க.”

“செத்தவங்கன்னு பட்டியல்ல ஒரு வரிசை இல்லப்பா. மூணு தரம் தட்டணும், திறக்கலைன்னா எழுதணும். அவ்வளவுதான் என் வேலை.” எழுதினார். அடுத்த கதவைத் தட்டினார். ஒன்பது கதவையும் தட்டி எழுதினார்.

எட்டாவது கதவில் ஸோட்டிகஸ் சிரித்துவிட்டான். குழிவெட்டிகளின் தலைவன் மானேஸும் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தான். ஸோட்டிகஸின் தம்பியோடு ஒரே ஓடையில் நீந்தி வளர்ந்தவன் மானேஸ். குழி அவனுடையது, கல் இவனுடையது என்று இருபது வருடம் தொழில் செய்தவர்கள். ஹிலாரஸ் திரும்பாமலே, “சிரிப்பு வேலையில சேராது” என்றார். மானேஸ் மண்வெட்டிக் காம்பைத் திருப்பிப் பிடித்து ஒரே அடியாக அடித்தான். இரண்டு பற்கள் கல் தூளில் விழுந்தன.

“தப்பா எடுத்துக்காதடா,” என்று போகும்போது முணுமுணுத்தான். “முன்பல்லுல படாமத்தான் அடிச்சேன்.”

ஸோட்டிகஸுக்குப் பல் போனது பெரிதாகத் தெரியவில்லை. அவனுடைய கவலை தம்பி.

ஆக்ஸானன் சாயக்காரன். மஞ்சிட்டி வேரில் கம்பளி நூலைச் சிவப்பாக்குகிறவன். முழங்கை வரை சிவந்த கை. அம்மா இருந்தபோது எப்படியோ அப்படியே இன்னும் சனிக்கிழமையும் ஓய்வான், ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குப் போவான். வெள்ளி மாலை சாயத்தொட்டியை மூடி, கொண்டைக்கடலைப் பானையை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து வைத்துவிடுவாள் அவன் மனைவி அம்மியா. மறுநாள் நெருப்பு மூட்டாமல் அந்தச் சூட்டிலேயே சாப்பாடு. ஊர் முழுக்கக் கூரைகளில் புகை எழ, அவன் கூரை மட்டும் வெறுமனே நிற்கும். சோதனைக்காரர்கள் முதலில் பார்ப்பதே புகையைத்தான்.

“ஒரே ஒரு புகை விடுடா,” என்று கெஞ்சினான் ஸோட்டிகஸ். “உன் ஓய்வு எங்க ஓடிப்போயிடப் போவுது?”

“அடுப்பு மூட்டறது வேலை, அண்ணே.”

“அப்ப கழுதைய இழுத்தது வேலை இல்லையா? பெரிய நியாயம் பேச வந்துட்டான்.”

போன இலையுதிர்காலத்தில் கம்பளி வெளுப்பவனின் கழுதை களிமண் குழியில் விழுந்தது. அன்று சனிக்கிழமை. நல்ல உடுப்போடு கழுத்தளவு சேற்றில் இறங்கி அதை முதலில் இழுத்தவன் ஆக்ஸானன். அப்போதும் ஊரில் இதே கேள்வியைக் கேட்டுக் கிண்டல் செய்தார்கள்.

“கழுதைக்குக் கிழமை தெரியாதுல்ல, அண்ணே,” என்றான் அன்று சொன்னது போலவே.

“ஹிலாரஸுக்குத் தெரியும்டா!”

அம்மியாதான் வழி சொன்னாள். “அவரு மூட்ட வேணாம், நானும் மூட்ட வேணாம். நீங்க வந்து மூட்டுங்க அத்தான். உங்களுக்குத்தான் சனியும் ஒண்ணு, செவ்வாயும் ஒண்ணு.”

“மூட்டறேன். இவன் தடுக்காம இருந்தா சரி.”

“நான் சன்னல் பக்கம் திரும்பிக்கறேன்,” என்று ஆக்ஸானன் சிரித்தான். “என் பானைய மட்டும் கவுத்துடாதீங்க.”

ஐந்து சனிக்கிழமை அப்படிப் போனது. விடிந்ததும் ஸோட்டிகஸ் பட்டறையை விட்டுத் தம்பி வீட்டுக்குப் போய் ஈர வைக்கோலைத் திணித்து ஊதுவான். ஊரிலேயே கொழுத்த புகை அந்தக் கூரையில்தான் எழுந்தது. அதற்குள் வேறு வீடுகளில் நடக்கவேண்டியவை நடந்துகொண்டிருந்தன. காய்ச்சலில் படுத்திருந்த நெசவுக்காரியைக் கல் சுமக்க வைத்தார்கள். ஏழாவது கல்லில் செத்தாள், ஆறு கல் கணக்கில் வந்தது. ஞாயிற்றுக்கிழமையோ எதிர்ப்பக்கம். அரசரின் ஆணைப்படி அன்று ஊருக்குள் யாரும் வேலை செய்யக் கூடாது. நிலத்தில் உழுகிறவனுக்கு மட்டும் விலக்கு. வண்டிச் சக்கரத்தடியில் மாட்டிக்கொண்டவனைத் தூக்கிவிட்ட ஒருவனுக்கு விரல்களை ஒடித்தார்கள். “ஞாயித்துக்கெழம விரல் ஒடிக்கிறது வேலை இல்லையா?” என்று அவன் அலறினான். ஆயரிடம் கேட்டு வந்து, அது இரக்கச் செயல், வேலையில் சேராது என்று ஹிலாரஸ் விளக்கிய பிறகே ஒடித்தார்கள். முறை தவறவில்லை.

ஆறாவது சனிக்கிழமை ஹிலாரஸ் தெருவில் நின்று காதைத் தீட்டினார். சாயக்காரன் கூரையில் புகை எழுந்த நேரத்தில் கல் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. போன வாரமும் அப்படி. அதற்கு முந்தின வாரமும் அப்படி. இருபது வருடமாக ஓயாமல் கேட்ட சத்தம், நின்றால் ஊருக்கே தெரியும் என்பது ஸோட்டிகஸுக்கு மட்டும் தோன்றவில்லை.

கதவை உடைத்து உள்ளே வந்தபோது ஸோட்டிகஸ் அடுப்பின் முன் மண்டியிட்டு ஊதிக்கொண்டிருந்தான். அம்மியா பக்கத்தில் நிற்க, ஆக்ஸானன் சன்னலோரம் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். சிவந்த கைகள், ஈரமில்லாத கைகள்.

ஸோட்டிகஸ் எழப்போனான். ஹிலாரஸ் சிரித்த முகமாக அவன் தோளை அழுத்தினார். “நீ ஏன்ப்பா எழுந்திரிக்கிறே? நீ வேலை செஞ்சுட்டிருக்கே. சட்டப்படி உன்மேல ஒரு குறையும் இல்லை. ஊது.”

“ஐயா, அவன் என் தம்பி…”

“நிறுத்தினா நீயும் சும்மா இருக்கிறவன் ஆயிடுவே. அப்புறம் இந்த அம்மாவுக்கு ரெண்டு பிணம். ஊது.”

ஒரு குழிவெட்டி அவன் பிடரிக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றான். ஸோட்டிகஸ் ஊதினான். தம்பியை முடியைப் பிடித்து இழுத்துப்போகும் சத்தம் கேட்டது, ஊதினான். அம்மியாவைச் சுவரில் தள்ளும் சத்தம் கேட்டது, ஊதினான். வைக்கோல் தீர்ந்தது. சாம்பலை ஊதினான். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு அவனால் சொல்ல முடிந்ததில்லை. பின்னால் நின்றவன் எப்போதோ போய்விட்டிருந்தான். அதுகூடத் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தான்.

கோயில் முற்றத்துக்கு அவன் ஓடிவந்தபோது தம்பி கற்குவியல் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு காது கிழிந்து தொங்கியது.

“தூக்கு,” என்றார் ஹிலாரஸ். “ஒரே ஒரு கல்லு. தூக்கிட்டு வீட்டுக்குப் போ.”

“நாளைக்குத் தூக்கறேன்.”

“நாளைக்கு ஞாயிறு. தூக்கக் கூடாது.”

“அப்ப திங்கக்கெழம வரேன். ரெண்டாவே தூக்கறேன்.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் முடித்துவிட்டது என்று பிறகு பலர் சொன்னார்கள். ஹிலாரஸ் தலையசைத்தார். மானேஸ் முதல் அடியைத் தோளில் போட்டான். அது ஓடையில் ஒன்றாக நீந்தியதற்காக. இரண்டாவது அடிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. மண்வெட்டியின் விளிம்பு விலாவில் இறங்கியது. ஆக்ஸானன் கையை ஊன்றி மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாடை பெயர்ந்தது, ஒரு கண் போனது, அவன் உட்காரவே முயன்றுகொண்டிருந்தான். ஸோட்டிகஸ் பாய்ந்தபோது நான்கு பேர் அவனைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். உச்சிப் பொழுதில் ஆக்ஸானன் சாய்ந்தான். யாரும் அடிப்பதை உடனே நிறுத்தவில்லை. சாய்வதும் ஓய்வுதானே என்று ஒருவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஹிலாரஸ் எழுதினார்: ‘கடைசிவரை வேலை செய்யவில்லை.’

சபைக்குப் புறம்பானவன் ஆகிவிட்டதால் குழிவெட்டிகள் அவனைப் புதைக்கக் கூடாது. மறுநாள் ஞாயிறு, ஆகவே வேறு யாரும் குழி வெட்டக் கூடாது. பிணம் முற்றத்தில் கிடக்க, ஆயர் ஞாயிறு வழிபாட்டில் அதைச் சுற்றி நடந்து மேடைக்கு வந்தார்.

“நேற்று நம் முற்றத்தில் ஒரு சகோதரர் இறந்தார். யாரும் அவரைக் கொல்லவில்லை. மண்வெட்டிகள் போகும் வழியில் அவர் உட்கார்ந்திருந்தார். அன்புக்கு எதிராக உட்காருகிறவன் அன்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சமாதானம் உங்களோடு இருப்பதாக.”

ஸோட்டிகஸ் தம்பியைக் கம்பளியில் சுற்றிக் கழுதைமேல் போட்டு ஊருக்கு வெளியே தன் பார்லி நிலத்துக்குக் கொண்டுபோனான். வெட்டத் தொடங்கியதும் வரப்பில் மானேஸ் வந்து நின்றான்.

“டேய், இன்னைக்கு ஞாயிறு. என்னடா பண்றே?”

“விவசாயம். உழுகிறவனுக்கு விலக்கு இருக்கில்ல?”

“என்ன நடறே?”

ஸோட்டிகஸ் வெட்டிக்கொண்டே இருந்தான். மானேஸ் கம்பளிச் சுருளைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

“இவ்வளவு ஆழமாவாடா விதைப்பாங்க?”

“பெரிய விதை.”

மானேஸ் திரும்பிப் போனான். கொஞ்ச தூரம் போய், “தலைமாட்டுல கொஞ்சம் அகலமா வெட்டு, இடிக்கும்,” என்று கத்தினான். இருபது வருடத் தொழில் பழக்கம் போகாது அல்லவா?

மண் மூடியபின் அம்மியா ஒன்றே ஒன்று சொன்னாள். “நீங்க ஊதினது எனக்குக் கேட்டுச்சு, அத்தான்.” அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

அவன் கதவு செதுக்கினான். ஒரு மாதம் ஆனது. இதுவரை செதுக்கியதிலேயே நல்ல கதவு. தாழ்ப்பாளுக்குக் கீழே ஒரு பானையும் செதுக்கினான். நிறுத்துவதற்குக் குழிவெட்டிகள் வரமாட்டார்கள், ஆகவே தனியாளாகக் கடப்பாரையால் நெம்பி நிமிர்த்தி, அடியில் ஆப்பு கொடுத்துத் தம்பியின் தலைமாட்டில் தற்காலிகமாக நிறுத்தியிருந்தான். அன்று சனிக்கிழமை. பொழுது சாயும் நேரத்தில் ஹிலாரஸ் நான்கு ஆட்களோடு வந்து சேர்ந்தார். பட்டியலில் ஆக்ஸானன் பெயர் இன்னும் இருந்தது. பழைய வீட்டில் அவன் குடியில்லை என்று தெரிந்து, புது இடத்தை விசாரித்து வந்திருந்தார்.

மூன்று முறை தட்டினார். “ஆக்ஸானா, திற. இன்னைக்கு என்ன வேலை செஞ்சே?”

“ஐயா,” என்றான் ஸோட்டிகஸ். “ஆப்புதான் கொடுத்திருக்கேன். ஓரமா நில்லுங்க.”

“மிரட்டறியா? திருச்சபைக்கு எந்தக் கதவும் மூடினதில்லை. உடைங்கடா!”

மண்வெட்டிகள் கல்லில் மோதின. மூன்று காம்பு முறிந்தது. பானை சிதறியது. நாலாவது மண்வெட்டி ஆப்பில் பட்டது. கதவு, செதுக்கியவன் ஒருநாளும் நினைக்காத விதத்தில், திறந்தது. முழுசாக முன்னால் சாய்ந்து ஹிலாரஸின் இரண்டு காலையும் முட்டிக்குக் கீழே நசுக்கி நின்றது. எலும்பு நொறுங்கும் சத்தம் காய்ந்த வேரை மிதித்தது போல் கேட்டது.

அந்த நேரம் ஊருக்குள் கோயிலில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் பலகையைத் தட்டினார்கள். பொழுது சாய்ந்தது, ஆண்டவருடைய நாளான ஞாயிறு தொடங்கியது. குழிவெட்டிகள் நால்வரும் மண்வெட்டிகளைக் கீழே போட்டார்கள்.

“தூக்குங்கடா!”

“பலகை அடிச்சிடுச்சுங்க ஐயா,” என்றான் மானேஸ்.

“காலுடா! என் காலு!”

“தெரியுதுங்க. திங்கக்கெழம விடிஞ்சதும் மொத வேலையா தூக்கிடறோம்.”

“நான் சொல்றேன், தூக்குங்க!”

“வண்டிக்கடியில மாட்டினவனத் தூக்கினவனுக்கு விரல ஒடைக்கச் சொன்னது நீங்கதானுங்களே? ஒடைச்சது நாங்கதான். எங்களுக்கும் விரல் இருக்குங்க.”

ஒருவனை ஆயரிடம் ஓடவிட்டார்கள். அவன் மூச்சுவாங்கத் திரும்பினான். கேள்வி ஆழமானது, அடுத்த பொதுச்சங்கத்தில் வைக்கிறேன், அதுவரை திருத்தொண்டர் காலை அசைக்காமல் இருக்கட்டும், அசைத்தால் அது வேலையாகிவிடக்கூடும் என்று ஆயர் சொல்லியனுப்பியிருந்தார்.

ஹிலாரஸின் முகத்தில் அன்றுதான் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. ரத்தம் தம்பியின் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. “ஸோட்டிகஸ்… தூக்குப்பா… உன்னாலதான் முடியும்.”

ஸோட்டிகஸின் கடப்பாரை பக்கத்திலேயே கிடந்தது. அவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மனதுக்குள் அந்தச் சாம்பல் அடுப்பை முழுக்க ஊதி முடித்தான். பிறகு கடப்பாரையை எடுத்தான்.

“வேணாண்டா,” என்றான் மானேஸ். “நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்.”

“பாருங்க.”

நெம்பினான், முறிந்த காம்புகளை அண்டை கொடுத்தான், மறுபடி நெம்பினான். பிடிக்க ஒரு கையும் வரவில்லை. கடைசியில் கடப்பாரைமேல் ஒரு பாறையைத் தூக்கி வைத்துவிட்டு, ஹிலாரஸின் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தான்.

ஹிலாரஸ் கண்ணைத் திறந்தார். “யாரு தூக்கினது?”

“நாந்தாங்க.”

“பலகை அடிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி.”

ஹிலாரஸ் பெருமூச்சு விட்டார். சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. “எழுதிக்கோ, மானேஸ். ஞாயித்துக்கெழம வேலை. விவசாயம்னு இவன் சொன்னா ஒத்துக்காதே.”

அவரைக் கம்பளியில் கிடத்தி மூன்று பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். சுமப்பதுதான் வேலை, இழுப்பது அல்ல என்று வழியில் அவரே தீர்ப்புச் சொன்னாராம். மானேஸ் மட்டும் விதியை நிறைவேற்ற நின்றான்.

“எந்தக் கையிடா?”

“ரெண்டும் வேணும் எனக்கு.”

“ஒண்ணு சொல்லு. எனக்கும் வீட்டுக்குப் போவணும்.”

ஸோட்டிகஸ் இடது கையைக் கல்மேல் வைத்தான். மானேஸ் மண்வெட்டியை ஓங்கி, அப்படியே நிறுத்தினான். “ஏண்டா தூக்கினே? உன் தம்பிய அந்தாளு…” முடிக்கவில்லை, முடித்தால் தன் பெயரும் வரும்.

“கழுதைக்குக் கிழமை தெரியாதுல்ல,” என்றான் ஸோட்டிகஸ்.

மானேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடித்ததில் குறி தவறி, மூன்று விரல் போகவேண்டிய இடத்தில் இரண்டோடு போயிற்று.

அன்று ஸோட்டிகஸ் வீட்டுக்கு நடந்தபோது அம்மியா அவள் வாசலில் நின்றிருந்தாள். கையைப் பார்த்தாள். உள்ளே இழுத்து உட்கார வைத்து, ஒலிவ எண்ணெய் ஊற்றிச் சிவப்பு நூலால் கட்டினாள்.

“இழுத்தீங்களாமே,” என்றாள் கடைசியில்.

“ம்.”

சாம்பலைக் கிளறிப் பானையை எடுத்து அவன் முன் வைத்தாள். கொண்டைக்கடலை இன்னும் சூடாக இருந்தது.

விழுந்த கதவை இன்றுவரை யாரும் நிமிர்த்தவில்லை. வானத்துக்கு முதுகைக் காட்டிக் குப்புறக் கிடக்கிறது. மழை பெய்தால் அந்த முதுகின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், குருவிகள் குடிக்கும். ஹிலாரஸுக்குப்பின் வந்த திருத்தொண்டர்களும் மாதம் ஒரு தடவை குனிந்து மூன்று முறை தட்டிவிட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். இத்தனை சத்தத்துக்கும் உள்ளே இருப்பவன் எழுந்து வருவதில்லை. அவர்கள் வருவது சனிக்கிழமைகளில்.